பேத்தி நடை, ஆச்சி நடை: வீட்டில் இருப்பவர்களின் நடையைக் கவனிப்பது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இப்போது நான்கு தலைமுறைக் கால்கள் நடமாடுகின்றன. பேத்திக்கு 13 மாதம், மகளுக்கு 29 வயது, எனக்கு 56, அம்மாவுக்கு 79. காலையில் படுக்கையில் கிடந்தபடியே யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். மகள் டக் டக்கென்று சீராக நடப்பாள். அம்மா ஒரு காலை அழுத்தி வைத்து, மறு காலை லேசாக இழுப்பாள். பேத்தியின் கொலுசு நான்கு தடவை குலுங்கும், நிற்கும், தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் குலுங்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட். 31 வருடமாக ஆட்கள் நடப்பதைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். இதை எழுத வைத்தது போன மாதம் அம்மா சொன்ன ஒரு வார்த்தை. பேத்தி தடுக்கி விழுந்தாள், நாங்கள் எல்லோரும் கையைத் தட்டி அவளை எழுப்பினோம். அதே நேரத்தில் அம்மா தண்ணீர் எடுக்க எழுந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில், "நீ உக்காரும்மா" என்றோம். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, அவ விழுந்தா கையத் தட்டுதிய. நான் எந்திச்சா மட்டும் உக்காரு உக்காருங்கிய!"

கேட்டது நியாயம். குழந்தையை அவசரப்பட்டு நடக்க வைக்கிறோம், வயதானவர்களை அவசரப்பட்டு உட்கார வைக்கிறோம். இரண்டுமே தப்பு. எந்த வயதில் நடை எப்படி மாறும், வீட்டில் என்ன செய்யலாம், எதைப் பார்த்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில், பார்ப்பது எப்படி

"நட, பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள். சொன்னால் யாராக இருந்தாலும் சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி நடப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் பாருங்கள். வாசல் கேட்டிலிருந்து அடுக்களை வரை நடப்பதைப் பின்னால் இருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் இருந்து ஒரு தடவை பாருங்கள். குதிகால் முதலில் தரையைத் தொடுகிறதா, இரண்டு அடியும் ஒரே நீளமா, இரண்டு கையும் ஒரே அளவுக்கு வீசுகிறதா, திரும்பும்போது எத்தனை எட்டு எடுக்கிறார்கள். இந்த நாலும் போதும்.

வீட்டில் ஒவ்வொருவரையும் பிறந்த நாளன்று அதே இடத்தில் பத்து விநாடி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நடை ஒரே நாளில் மாறுவதில்லை, அதனால் கூடவே இருப்பவர்கள் கண்ணில் அது படாது. போன வருட வீடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலின் குதி தரையைத் தொட்டதிலிருந்து அதே குதி மறுபடி தொடும் வரை உள்ள நேரத்தை 100 பங்கு என்று வைத்தால், அந்தக் கால் சுமார் 60 பங்கு தரையிலும் 40 பங்கு அந்தரத்திலும் இருக்கும். இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருப்பது சுமார் 20 பங்குதான். அதாவது நடக்கும் நேரத்தில் முக்கால்வாசிக்கு மேல் நாம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தத் துணிச்சல் இன்னும் வராத குழந்தையும், அது போய்விட்ட கிழவியும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். காலை அகட்டி வைத்து, அடியைச் சுருக்கி, இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே மாதிரி நடக்கிறார்கள் என்று ஊரில் சிரிப்பார்களே, அதற்குக் காரணம் இது.

பிறந்ததிலிருந்து முதல் அடி வரை

பிறந்த சில நாள் குழந்தையை அக்குளில் பிடித்து, பாதம் மெத்தையில் படும்படி நிறுத்தினால் அது காலை மாற்றி மாற்றி வைக்கும். "இப்பவே நடக்கான் பாரு" என்று பெருமைப்படுவார்கள். இரண்டு மாதத்தில் அது காணாமல் போகும், உடனே கவலைப்படுவார்கள். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தேலன் 1980களில் இதை ஒரு எளிய வழியில் சோதித்தார். அப்படி அடி வைப்பதை நிறுத்தியிருந்த குழந்தைகளை மார்பளவுத் தண்ணீரில் நிறுத்தினார், கால்கள் மறுபடி அடி வைத்தன. விஷயம் இவ்வளவுதான்: கால் கொழுகொழுவென்று கனத்துவிட்டது, தூக்கும் பலம் இன்னும் வரவில்லை.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் நிலை அது. தவழ்வதற்கு முன்னால் குழந்தை எடை மாற்றிப் பழகுவதை எங்கள் பாடத்தில் நாலு பக்கத்துக்கு விளக்குவார்கள். சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதம். உட்கார்ந்து கை தட்ட வேண்டும் என்றால் கையை ஊன்றாமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். வருகைப் பருவம் 13ஆம் மாதம்: நடந்து வா என்று அழைப்பது. எங்கள் வீட்டுக் கணக்குக்கும் சரியாக வருகிறது.

ஆனால் மாதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட அளவுகளில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. பிடிக்காமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம் வரை. நூற்றில் நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. புட்டத்தாலேயே நகர்ந்து, ஒரு நாள் நேராக எழுந்து நிற்கிற குழந்தைகளும் உண்டு.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தரை கொடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாயில் குப்புறப் போட்டு, எதிரே நீங்களும் படுத்து முகத்தைக் காட்டுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் போட வேண்டும். தொட்டில் தூங்குவதற்கு, நாள் முழுக்க அதிலேயே கிடத்துவதற்கல்ல. காலை நேராக நீட்டி வைத்துத் துணியால் இறுக்கிச் சுற்றுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாக அமைய, தொடைகள் அகன்று மடங்கி இருக்க வேண்டும். நம்மூரில் பிள்ளையை ஒக்கலில் வைத்துத் தூக்குகிறோமே, அது அருமையான நிலை.

இப்போது வாக்கர். குழந்தையை உள்ளே உட்கார வைத்து, சக்கரத்தில் உருளுமே, அது. என் மகள் வாங்கிவிட்டு வந்தாள், அன்று வீட்டில் சண்டை. அதில் குழந்தை நுனிக்காலால் தள்ளிப் போகும், தன் எடையைத் தான் சுமக்கப் பழகாது. கண்மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் போய்விடும். கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. எங்கள் வாக்கர் இப்போது பரணில் கிடக்கிறது.

அதற்குப் பதிலாக அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் செய்கிறவரிடம் மூன்று சக்கர நடைவண்டி ஒன்று வாங்கினேன். இதில் குழந்தை தானாக எழுந்து நிற்க வேண்டும், பிடிக்க வேண்டும், தள்ள வேண்டும். ஒரு குறை உண்டு. வழுவழு டைல்ஸ் தரையில் வண்டி முந்திக்கொண்டு ஓடும், பிள்ளை முகம் குப்புற விழும். முன் கட்டையில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டிவிடுங்கள், வண்டி நிதானமாகப் போகும். சிமெண்டுத் தரை என்றால் அதுவும் வேண்டாம்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடத்துவதை எல்லா ஆச்சிகளும் செய்கிறார்கள். அப்படிப் பிடித்தால் உடம்பு முன்னால் தொங்கும், சமநிலையை நீங்கள்தான் சுமப்பீர்கள், குழந்தை பழகாது. பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இடுப்பில் பிடியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எட்டு தள்ளி எதிரே குந்தி உட்கார்ந்து கையை நீட்டுங்கள்.

முதல் மாதங்களின் நடை வேடிக்கையாக இருக்கும். கால் அகன்றிருக்கும், கைகள் தோள் உயரத்தில் சரணடைந்தவன் மாதிரி தூக்கியிருக்கும், பாதம் முழுசாகத் தப்பென்று விழும். சரிதான், அப்படித்தான் இருக்கும். சில வாரங்களில் கை கீழே இறங்கும். இரண்டு வயதை ஒட்டிக் குதிகால் முதலில் தொடத் தொடங்கும். விழுவதைப் பற்றி ஒரு ஆறுதல். நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்து எண்ணினார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 2,368 அடி, 17 விழுகை. நம் பிள்ளை மட்டும் விழவில்லை. மூலைக்கூர்மையான டீப்பாயை நகர்த்துங்கள், படிக்கட்டுக்குத் தட்டி போடுங்கள், அப்புறம் விழ விடுங்கள்.

செருப்பு, ஷூ எல்லாம் வீட்டுக்குள் தேவையே இல்லை. மணிப்பாலில் 2,300 பள்ளிப் பிள்ளைகளின் பாதத் தடத்தை எடுத்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 1992இல் எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்டுப் பழகியவர்களில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். விரலை மூடும் ஷூ போட்டவர்களுக்குத்தான் கூடுதல். தெருவில் கல்லும் கண்ணாடியும் கிடக்கிறது என்றால் மெல்லிசாக மடங்குகிற, விரலுக்கு இடம் உள்ள செருப்புப் போதும். நடக்க நடக்க பீப் பீப் என்று கத்துகிற ஷூவைப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு வேறு காரணத்துக்காகக் கோபம்.

மூன்று வயதுக்குள் குழந்தையின் பாதம் தட்டையாகத்தான் தெரியும், உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருக்கிறது. இரண்டு வயது வரை கால் வில் மாதிரி வெளியே வளைந்திருக்கும், மூன்று நான்கு வயதில் முட்டி இரண்டும் இடிக்கும், ஏழு வயதுக்குள் தானாக நேராகும். இதற்கெல்லாம் எண்ணெய் தேய்த்து உருவி நீட்ட வேண்டாம்.

டாக்டரிடம் போக வேண்டியவை வேறு. 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை. ஒரு கையை மட்டும், ஒரு காலை மட்டும் பயன்படுத்துகிறது. நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று நொண்டுகிறது. மூன்று வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலில் நடக்கிறது. மூன்று, நான்கு வயதில் தரையிலிருந்து எழும்போது தன் முட்டியிலும் தொடையிலும் கையை ஊன்றி, தன் மேலேயே ஏறி எழுகிறது. கடைசியாகச் சொன்னது தசை நோயின் அறிகுறியாக இருக்கலாம், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே குழந்தை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள்.

பாண்டி ஆடும் வயது

மூன்று வயதில் படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு கால் வைக்க வரும். இறங்கும்போது அப்படிச் செய்ய நான்கு வயது ஆகும். நான்கு வயதை ஒட்டி நொண்டியடிக்க வரும். ஏழு வயதுக்குள் நடையின் வடிவம் கிட்டத்தட்ட பெரியவர்களுடையது மாதிரி ஆகிவிடும், அதன் பிறகு நீளுவது கால்தான்.

இந்த வயதுக்கு நான் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு பாண்டி. சாக்பீஸால் கட்டம் போட்டு, சில்லு எறிந்து, ஒற்றைக் காலில் தாண்டி, குனிந்து சில்லை எடுத்துத் திரும்ப வேண்டும். ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்கும் பலம், திரும்புதல் எல்லாம் அதில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒரு காலில் பாண்டி ஆடுகிறது, மறு காலில் முடியவே இல்லை என்றால், அந்தக் காலை ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரே வருடத்தில் எலும்பு சரசரவென்று நீளும்போது பிள்ளைகள் கதவில் இடிப்பார்கள், தட்டைத் தள்ளிவிடுவார்கள். திட்டாதீர்கள், நீளம் மாறிய காலை மூளை மறுபடி அளந்துகொண்டிருக்கிறது. குதிகாலோ முட்டிக்குக் கீழே உள்ள எலும்போ வலிக்கிறது என்றால் இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். பள்ளிப் பை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கையே சொல்கிறது. நிறுத்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்.

நடுவயது, சுருக்கமாக

இந்த வயதினர் என்னிடம் கேட்பதெல்லாம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமா என்பதுதான். அந்த எண் மருத்துவத்திலிருந்து வந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965இல், ஜப்பானில் விற்ற ஒரு அடிமானிக்கு 'பத்தாயிரம் அடிக் கருவி' என்று பொருள் வரும் பெயர் வைத்தார்கள், எண் உலகம் சுற்றிவிட்டது. நான் எண்ணச் சொல்வது வேகத்தை. பத்து விநாடியில் 17 அடி வந்தால் நிமிடத்துக்கு 100. மூச்சு லேசாக வாங்கும், பேச முடியும், பாட முடியாது. அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடம் வந்தால் சரி. வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நாலு பேராகக் கைகோத்துக் கதை பேசிக்கொண்டு நடப்பது மனதுக்கு நல்லது, கணக்கில் பாதிதான் சேரும்.

கர்ப்பத்தில் நடை மாறும். வயிறு முன்னால் தள்ளும், இடுப்பு மூட்டுகளின் தசைநார் இளகும், கால் அகன்று வாத்து மாதிரி ஆடும். பிரசவம் ஆகிச் சில மாதத்தில் அது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆறு மாதம் கழித்தும் படி ஏறும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் காட்டுங்கள்.

அப்பாவின் வலது கை

இனி சொல்லப்போவது என் தவறு.

என் அப்பா தபால்காரர். ஓய்வு பெற்ற பிறகும் ஜங்ஷன் வரை நடந்துதான் போவார். 68 வயதில் வலது தோள் இறுகுகிறது என்றார். நானே தோளுக்குப் பயிற்சி கொடுத்தேன், ஒத்தடம் கொடுத்தேன். நடக்கும்போது அவருடைய இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தோள் வலியால் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவருடைய செருப்புச் சத்தம் சரக் சரக்கென்று மாறியதும் காதில் விழுந்தது, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். ஊருக்கு ஆயிரம் மணியார்டர் கொடுத்த மனிதர், கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போனது. இரண்டு வருடம் கழித்து, வாசல் நிலைக்கு நேரே வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டார். பார்க்கின்சன் என்கிற நரம்பு நோய், இதெல்லாம் அதன் அறிகுறிகள். வெளியாள் ஒருவர் என் கிளினிக்குக்கு அப்படி நடந்து வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் நரம்பியல் டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். வீட்டு ஆளை யாரும் பார்ப்பதில்லை. வீடியோ எடுத்து வையுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னது அதனால்தான்.

கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். தரையில் ஒரு கோடு காட்டி, "இதைத் தாண்டுங்கப்பா" என்று சொல்லுங்கள். நிலைப்படிக்கு முன்னால் ஓரடிக்கு ஒன்றாக வெள்ளை டேப் ஒட்டினோம். தானாக வராத அடி, தாண்டச் சொன்னால் வந்தது. கடைசி வரை அப்பா அந்தக் கோடுகளில் நடந்தார்.

60க்கு மேல்: மூன்று சோதனைகள்

வயதோடு நடை மெதுவாவது இயல்புதான். கெண்டைக்கால் தசை தரையை உந்தித் தள்ளும் பலம் குறைகிறது, அடி சுருங்குகிறது. எவ்வளவு மெதுவானால் கவலைப்பட வேண்டும்? சுண்ணக்கட்டியால் தரையில் நாலு மீட்டர் குறியுங்கள். கோட்டுக்கு ஓரடி முன்னாலிருந்து வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். நாலு மீட்டரைக் கடக்க 5 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலத்தைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். 34,485 முதியவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், நடை வேகம் கூடக் கூட ஆயுளும் கூடியிருந்தது. வேகமாக நடக்க வைத்தால் ஆயுள் கூடும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. இதயம், நுரையீரல், நரம்பு, மூட்டு எல்லாவற்றின் நிலையும் நடையில் வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, நாற்காலி. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது? 75 முதல் 79 வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் கீழே, ஆணுக்குப் பதினொன்றுக்குக் கீழே என்றால் குறைவு. அம்மாவுக்கு ஜனவரியில் 6 வந்தது.

மூன்றாவதற்குக் கருவியே வேண்டாம். கூட நடந்துகொண்டே, "நேத்து என்ன குழம்பு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறார்களா? ஸ்வீடனில் 1997இல் கவனித்துச் சொன்னது இது: பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிற முதியவர்கள் பிற்பாடு விழுவது அதிகம். நடை அவர்களுக்குத் தானாக வருவதில்லை, மூளை முழுசாக அதில் மூழ்கியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் படி இறங்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

பலம் திரும்ப வருமா?

வரும். 1990இல் அமெரிக்காவில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் வரும் பலம் எழுபத்தொன்பதில் வராதா?

அம்மாவுக்கு நான் கொடுத்தது இதுதான். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, எட்டு தடவை, நாளுக்கு இரண்டு வேளை. ஆரம்பத்தில் நாற்காலியில் தலையணை போட்டு உயரம் கூட்டினோம், மூன்று வாரத்தில் அதை எடுத்தோம். அடுக்களை மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பால் பொங்குகிற நேரத்தில் பத்து. அதே மேடையைப் பிடித்து ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்துப் பத்து எண்ணும் வரை நிற்பது. முட்டி வலிக்கும் என்பாள். லேசான வலி வந்து அடுத்த நாள் காலைக்குள் போய்விட்டால் தொடரலாம், மறுநாள் வீங்கினால் பாதியாகக் குறைக்கலாம். தட்டில் சோறு மட்டும் குவியாமல் முட்டை, பயறு, மீன் என்று ஏதாவது ஒன்று தினமும் இருக்க வேண்டும். மே மாதம் 30 விநாடிக்கு 10 வந்தது. தண்ணீரை அவளே எடுத்துக்கொள்கிறாள்.

வெளியே அழைத்துப் போக முடியாத நிலையில் யாராவது இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கைத்தடி, செருப்பு, பாத்ரூம்

கைத்தடியைப் பத்தில் எட்டுப் பேர் தப்பான கையில்தான் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். உயரம்: செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். செத்துப்போன தாத்தாவின் தடியை அப்படியே ஆச்சியிடம் கொடுக்காதீர்கள், அறுத்துக் கொடுங்கள். அடியில் ரப்பர் புஷ் தேய்ந்தால் மாற்றுங்கள், சின்னச் செலவுதான். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

சர்க்கரை இருப்பவர்களிடம் ஒரே கேள்வி கேட்பேன்: "செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போயிருக்கிறீர்களா?" ஆமாம் என்றால் பாதம் மரத்துவிட்டது. தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், குதிகால் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்புக்கு (மெத்தென்ற ரப்பர் வைத்தது) மாற வேண்டும், கோயில் பிராகாரத்து வெயில் கல்லில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. குழந்தைக்கு வெறுங்கால் நல்லது என்று மேலே சொன்னவளே இதையும் சொல்கிறேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது என்றாலும் அசட்டை செய்யாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடை, அடக்க முடியாத சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் வயசு என்று விடாதீர்கள். மூளையில் நீர் தேங்குவதாலும் அப்படி வரும், அறுவை சிகிச்சையால் சரியாக வாய்ப்பு உண்டு. திடீரென்று ஒரே நாளில் நடை ஒரு பக்கம் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

வீட்டில் மாற்ற வேண்டியது பாத்ரூம்தான், மற்றதெல்லாம் பிறகு. கொத்தனாரை வைத்துச் சுவரில் துளையிட்டுக் கம்பி மாட்டுங்கள். துணி காயப்போடும் கொடிக்கம்பி ஆள் எடையைத் தாங்காது. வாசலில் கிடக்கும் பழைய சேலை மிதியடியைத் தூக்கி எறியுங்கள், வழுக்காத ரப்பர் மேட் போடுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு எரியட்டும். ராத்திரி எழுந்தவுடன் நடக்கக் கூடாது, காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழ வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முக்கியமாக. சேலை பாதத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். இதற்கு அம்மா ஒத்துக்கொள்ள ஆறு மாதம் ஆனது.

விழுந்தால் எழுவது எப்படி

இதை விழுவதற்கு முன்னால் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் பாய் விரித்துப் பழகுகிறோம்.

விழுந்ததும் எழ முயலக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே கிடந்து, எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் நகரவே கூடாது, யாரும் தூக்கி உட்கார வைக்கவும் கூடாது. அப்படி ஒன்றும் இல்லை என்றால் ஒருக்களித்துப் புரள வேண்டும். முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி, முட்டி போட வேண்டும். அப்படியே தவழ்ந்து கட்டிலுக்கோ கனமான நாற்காலிக்கோ போக வேண்டும். இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கையை அழுத்தி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். பேத்தி தொட்டிலிலிருந்து இறங்கி நடைவண்டிக்குப் போவதும் இதே வரிசைதான். முட்டி நோகும் என்றால் கீழே ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம்.

எழ முடியாவிட்டால், எட்டுகிற போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தடவையாவது ஒருக்களித்து மாறிப் படுத்து, கையில் கிடைத்த பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். தனியாக இருக்கும் நேரத்தில் போன் மேசை மேல் இருந்து பிரயோசனமில்லை, உடம்பில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு சின்ன பட்டன் போன் வாங்கி, 1ஐ அழுத்தினால் எனக்கு வருகிற மாதிரி வைத்து, இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக் கொடுத்தேன். அதிலேயே வெற்றிலையும் பாக்கும் வைத்துக்கொள்கிறாள். போனில் சுண்ணாம்புக் கறை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.